காக்கைக்கு வைத்த சோறு

என் தங்கத் தம்பி முருகேசனுக்கு,

அங்கேயாவது உனக்குத் தும்மல் இல்லாமல் இருக்கிறதா? ஏன் கேட்கிறேன் என்றால், உன் வீட்டுக்குள் இப்போது ஒரு பூனை இருக்கிறது. ஆமாம், பூனை! பூனை முடி பட்டாலே உனக்கு அடுக்குத் தும்மல் வருமே. குறுக்கே பூனை போய்விட்டால் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மில்லுக்குக் கிளம்புவாயே, அந்த உன் வீட்டில்தான். 

போன அமாவாசைக்கு ராஜபாளையத்தில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவள், இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறேன். உன் பெண்டாட்டி செல்வி ஒற்றை ஆளாகச் சமைத்திருந்தாள். "பிள்ளை தட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போறா, வெறுந்தட்டோட வாரா. ஆனாலும் எளச்சுக்கிட்டே போறா மதினி" என்று உன் மகள் யாழினியைப் பற்றி அழுதாள். மொட்டைமாடிச் சுவரில் இலை போட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், தயிர் எல்லாம் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டேன். காக்கை தொடாமல் நாம் சாப்பிட முடியுமா? "அப்பா காக்காயா வந்து சாப்பிடுவாக, பாரு" என்று யாழினியிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வது?

ஒரு காக்கையும் வரவில்லை. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையிலிருந்து ஒரு செவலைப் பூனை குதித்து, நேரே இலையில் வாயை வைத்தது.  விளக்குமாற்றை ஓங்கினேன்.

யாழினி ஓடிவந்து குறுக்கே நின்றாள். "எங்கப்பாவ அடிக்காதீக அத்த!"

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. செல்வி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பாருங்க அத்த, கத்தரிக்காய மட்டும் ஒதுக்கிட்டாக" என்றாள் பிள்ளை. எட்டிப் பார்த்தேன். ஒதுக்கித்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து நீ ஒதுக்குவாயே, அதே மாதிரி இலை ஓரத்தில். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன், தம்பி.

அன்றோடு பூனை வீட்டுக்குள் வந்துவிட்டது. உன் பழைய லுங்கிதான் அதற்குப் படுக்கை. அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று யாழினி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்குப் பயம். "சாக்குல போட்டுச் செட்டியார்பட்டிப் பக்கம் விட்டுட்டு வாரேன்" என்றேன். "இப்பத்தான் மதினி பிள்ளை சோறு திங்கா, விடுங்க" என்று செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. செல்வி கடைக்குப் போயிருந்தபோது அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏலே, நெஞ்சு வலிச்சப்ப அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாலே?" என்று கேட்டுவிட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டது. நான் வெகுநேரம் அழுதேன்.

நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு யாழினியை மடியில் இருத்தினேன். "கண்ணு, அது வெறும் பூனைம்மா. அப்பா இல்ல."

"தெரியும் அத்த."

"என்னட்டி சொல்லுத?"

"அப்பாதான் செத்துட்டாகளே. இது மாடிப் பூனை. தெனமும் என் சோத்த அதுக்குத்தான் வைப்பேன். கத்தரிக்கா மட்டும் திங்காது. நீங்க வெளக்குமாத்த ஓங்குனீகளா, அப்பான்னு சொல்லிட்டேன். அப்பாவ யாரு அடிப்பா?"

சொல்லிவிட்டு விளையாட இறங்கிப் போய்விட்டாள்.  நீ செத்துப்போனதை இந்த வீட்டில் ஒழுங்காக நம்பியவள் அவள் ஒருத்திதான், முருகேசா. பூனையிடம் போய் உன்னைத் தேடியது உன் அக்காதானா?

பூனை இங்கேயே இருக்கும். அதன் மேல் யாரையும் கைவைக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்து. அடுத்த அமாவாசைக்கு இரண்டு இலை போடுகிறேன், உனக்கு ஒன்று, அதற்கு ஒன்று. இரண்டிலும் கத்தரிக்காய் இருக்காது. வருவதானால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடு தம்பி, அது முந்திக்கொள்ளும்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
பேச்சியம்மாள்