அந்தப் படிக்கட்டில் நான் அடிக்கவில்லை

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கை கால் முறியாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், உன் தொழிலில் அதுதானே முதல் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் முகத்தில் இருக்கும் சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார், ஆபரேஷனுக்கு முன்னால் நிம்மதியாக இருந்தேன். உன் தங்கையை வேலையில் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுகிறாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, தானே சரிசெய்வதாக அப்பா சொல்லி இது நாலாவது மாதம். பத்து நாளாக நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா வகுப்பில் இருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருப்பார். வகுப்பும் இல்லை ஒன்றும் இல்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் நான் ஆரம்பித்தால் நீ ‘அம்மா, அது சினிமாம்மா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், நானும் கோபத்தில் போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படி.

உன் படத்தைப் பார்த்தோம். சண்டை மாஸ்டர் என்று உன் பெயர் தனியாக வந்த முதல் படம், சும்மா விடுவேனா, என் கராத்தே வகுப்புப் பெண்கள் பதினாலு பேரையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சைரன் அக்காவும் வந்தாள். என் வகுப்பு நடக்கிற கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவள் மூன்றாம் மாடியில் நின்று கூப்பிட்டால் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன என்று கேட்பார், அதைப் பார்த்து நீ வைத்த பெயர்தானே அது, அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. தம்பி பேரு தனியா வருதாம் அக்கா என்று நான்தான் ஆசை காட்டினேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, தன் மருமகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இடைவேளைக்கு அப்புறம் அந்தக் காட்சி வந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்த சுவர், ஆட்டம் கண்ட இரும்புக் கைப்பிடி, திருப்பத்தில் பதினொரு படி, சிவப்புக் கைப்பிடி போட்ட நீல வாளி. போன வருடம் இரண்டு நாள் சாயங்காலம் போனில் கூப்பிட்டு, சுவர் என்ன கலர், எத்தனை படி, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, என்னைப் பிடித்தவன் எந்தக் கையால் பிடித்தான் என்று ஒன்றொன்றாகக் கேட்டாயே, என் பிள்ளை கடைசியில் என் பாரத்தை உட்கார்ந்து கேட்கிறான் என்று நினைத்தேன். போனை வைத்தபின் அப்பாவிடம் சொல்லி அழுதேன்கூட. நீ செட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று நீயே எடுத்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டாம். கராத்தே டீச்சரம்மா மூன்று பேரைப் பந்தாடுகிறாள். ஈரப் படியில் ஒற்றைக் காலில் நின்று தலை உயரத்துக்கு உதைக்கிறாள், நிஜத்தில் அப்படி நின்றால் முன்பல் போகும். அவள் முதல் ஆளை அடித்து முடிக்கும்வரை மற்ற இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினவர்கள் மாதிரி முறை வரட்டும் என்று நிற்கிறார்கள். அதெல்லாம் போகட்டும், கயிறு கட்டிப் பறப்பது உன் பிழைப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. கூட்டுகிற பெண் ஒருத்தி வருகிறாளே, சண்டையைப் பார்த்ததும் வீலென்று கத்திவிட்டு, வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு துடைப்பம் வைக்கும் அறைக்குள் ஒளிகிறாளே, எல்லாம் முடிந்தபின் எட்டிப்பார்த்து மயங்கி விழுகிறாளே, அதற்குத்தான் தியேட்டரே சிரித்தது. அக்காவும் முதலில் சிரித்தாள், தெரியுமா. அப்புறம் மருமகள் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. வெளியே வரும்போது, தம்பி நல்லாப் பண்ணிருக்கு டீச்சரம்மா, பெரிய ஆளா வரும் என்றாள், பெரிய மனசு அவளுக்கு. பஸ்ஸுக்கு நிற்கும்போது மருமகளுக்குக் கேட்காமல் என் காதருகே வந்து, நான் அன்னிக்கு ஒளியலதானேம்மா என்று கேட்டாள். தனக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி கேட்டாள்.

நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது நீ சொன்னதுதான் எல்லாருக்கும் நிஜம் ஆகிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால், காலை வகுப்பு முடிந்து பதினொரு மணிக்கு இறங்கினேன், லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்தது மூன்று பேர் இல்லை, ஒரே ஒருவன், உன்னைவிட ஒல்லி. சுவரோடு தள்ளிக் கழுத்தைப் பிடித்தான். நான் கைப்பையை நீட்டினேன். அவன் பையைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் உடம்பு நின்றுபோனது. கறுப்பு பெல்ட் வாங்கி இருபத்திரண்டு வருடம், கழுத்துப் பிடியை எப்படி உடைப்பது என்று எத்தனை நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என் கை இரண்டும் யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம்கூட வரவில்லை எனக்கு. மேலே துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் பார்த்தாள். கட்டடமே நடுங்குகிற மாதிரி கத்தினாள், வாளித் தண்ணீரை அப்படியே அவன் மேல் கொட்டினாள், துடைப்பக் கட்டையால் கைப்பிடியை அடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். அவன் ஓடுகிற ஓட்டத்தில் அவளை ஒரு தள்ளு தள்ளினான், ஆறு படி உருண்டாள். சத்தம் கேட்டு வந்தவர்களிடம் ஈரப் படியில் வழுக்கிவிட்டேன் என்றுதான் சொன்னாள், என் பெயர் வெளியே வர வேண்டாம் என்று. இன்றைக்கும் இடது தோள் தூக்க வராது அவளுக்கு, சீவிக்கொள்ள மருமகள் வேண்டும். சுவர், படி, வாளி எல்லாம் அச்சு அசலாக வைத்த நீ, இந்த ஒருத்தியை மட்டும் ஏன்டா மாற்றினாய்? சிரிப்புக்கு ஆள் வேண்டும் என்றால் நின்றுபோன என்னை வைத்திருக்கலாமே.

படத்தோடு விட்டாயா என்றால் அதுவும் இல்லை. பேட்டியில் உட்கார்ந்து, இது எங்கம்மாவுக்கு நிஜமா நடந்தது, ஒத்தை ஆளா மூணு பேரை அடிச்சாங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். மறுநாளே ஜெராக்ஸ் கடைக்காரர் என் போட்டோவைப் போட்டு வாசலில் பேனர் கட்டிவிட்டார், மூவரை வீழ்த்திய வீராங்கனை என்று. ஒரே வாரத்தில் முப்பது பேர் புதிதாகச் சேர வந்தார்கள். பல் டாக்டர் படியில் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார். இப்போது ஒன்று சொல்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் படியில் இறங்கும்போது முதல் தடவையாகக் கழுத்து வியர்க்கவில்லை. அதே படியில் அக்காவைப் பார்த்து, எந்த வாளிக்குள்ள இருந்தீங்க அக்கா என்று கேலி செய்தார்கள், நான் கேட்டும் கேட்காத மாதிரி நடந்தேன். அவள் யாரையும் சத்தமாகக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள், கட்டடமே ஊமையான மாதிரி இருந்தது. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன்.

அதோடு போயிருந்தால்கூட நான் இன்னும் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. மருந்துக்கடைப் பெண்ணை உனக்குத் தெரியும், எட்டு வருடமாக என்னிடம் பழகுகிறாள், வகுப்பிலேயே நிதானமானவள். போன செவ்வாய்க்கிழமை கடைக்குப் பின்னால் சந்தில் ஒருவன் கையைப் பிடித்திருக்கிறான். பிடியை உதறி விடுவித்தும் விட்டாள், எதிரே ரோடு, நாலடி வைத்தால் நூறு பேர். கத்து, ஓடு என்றுதான் அந்தப் படிக்கட்டு நாளிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஓடினால் ஜெயித்தாய் என்று அர்த்தம் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். அவள் ஓடவில்லை. திரும்பி நின்று உன் படத்து உதையை உதைத்தாள். அவன் காலைப் பிடித்து வாரிவிட்டான், மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்து, தலையில் ஏழு தையல். யாரோ வந்ததால் உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும் அவள் அழவில்லை, உங்களால முடிஞ்சுது மாஸ்டர், என்னால ஏன் முடியல, நான் என்ன தப்புப் பண்ணேன் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாய் நீ? அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, இதை முன்னாடியே சொல்லிருக்கலாமே மாஸ்டர் என்றாள்.

மறுநாள் பேனரை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். பழைய ஆள் புது ஆள் எல்லாரையும் உட்கார வைத்து, அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தி, நான் மரம் மாதிரி நின்றேன், இவள்தான் காப்பாற்றினாள், சினிமாவில் வந்தது பொய், மூன்று வாரமாக நான் சொல்லாமல் இருந்ததும் பொய் என்று சொன்னேன். ஒன்பது பேர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி போகிற போக்கில், அப்போ உங்ககிட்ட என்ன கத்துக்கிறது என்று கேட்டாள், கேட்கட்டும், நியாயமான கேள்விதான். அக்கா தலை குனிந்தே நின்றாள். மற்றவர்கள் எழுந்து போய் அவளைச் சுற்றிக்கொண்டார்கள், எப்படிக்கா அவ்வளவு சத்தம் வந்துச்சு, பயமா இல்லையா என்று கேட்டார்கள். பயந்ததுனாலதான்டி கத்துனேன், பயப்படாம யாரு கத்துவா என்றாள் அவள். இருபத்தெட்டு வருடத்தில் அந்த ஹாலில் யாரும், நான் உட்பட, அதைவிட நல்ல பாடம் சொன்னதில்லை.

உன்னிடம் எனக்கு வேண்டியது இதுதான். என்னிடம் மன்னிப்புக் கேட்டு உருகாதே, இப்போது வேண்டாம், கேட்டாலும் என்னால் உடனே ஆகட்டும் என்று சொல்ல முடியாது. முதலில் அக்காவுக்குப் போன் பண்ணு, அவள் மருமகள் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி பேசு. அப்புறம் எந்த இடத்தில் உட்கார்ந்து அந்தப் பொய்யைச் சொன்னாயோ அங்கேயே போய் நிஜத்தைச் சொல். உன் பெயர் கெடும் என்றால் கெடட்டும், இங்கே ஒருத்தியின் மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. அந்தச் சம்பவத்தன்று சாயங்காலம் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், அப்பாவிடம்கூட அப்புறம்தான். நான் ஒன்றுமே பண்ணலடா, கையே வரல என்று சொன்னேன். நீ என் தலையைத் தடவி, உயிரோட வந்தியேம்மா, எனக்கு அது போதும் என்றாய். மறுநாள் காலையில் அந்தப் பதினொரு படியை ஏறினது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். ஆறு வருடமும் அதை வைத்துத்தான் ஏறினேன். உனக்கு அது போதவில்லை என்று தியேட்டரில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

கயிற்றில் தொங்குவதற்கு முன்னால் கொக்கியை நீயே இழுத்துப் பார், அடுத்தவன் பார்த்துவிட்டான் என்று நம்பாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், கோபத்தில் இருந்தாலும் அதை மனதார வேண்டிக்கொண்டுதான் தினமும் விளக்கை அணைக்கிறேன். அக்காவின் நம்பரை அப்பா பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அடிக்காமல், ஓடாமல், உயிரோடு மட்டும் வீட்டுக்கு வந்த
உன் அம்மா