கட்டில் யாருடையது

மேரு, கிள்ளான்
3 டிசம்பர் 2024

அன்புள்ள சாண்ட்ரா,

நலம்தானே? உன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்துவிட்டது. மகன் ஜுஹைரும் நானும் பள்ளிவாசலில் தங்கிவிட்டு நேற்றுதான் திரும்பினோம். என் கைப்பேசி நனைந்து செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் போனில் இதைப் பேசக் கூச்சம், அதனால்தான் கடிதம்.

உன் குளிர்பெட்டி போயிற்று. என் தையல் மிஷின், தைக்க ஆர்டர் எடுத்த பாஜு குரோங் உடைத் துணி, ஜுஹைரின் அத்தா எங்கள் நிக்காஹ்வுக்கு வாங்கிய கட்டில், எல்லாம் சேறு. சாவி கொடுத்தபோது "எல்லாத்துக்கும் காப்புறுதி இருக்கு" என்றாயே, அதில் என் சாமானும் சேருமா? வாடகைக்கு இருந்துகொண்டு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

துஆவுடன்,
ரம்லத்

பெட்டாலிங் ஜெயா
6 டிசம்பர் 2024

அன்பு ரம்லத்,

நான்தான் வெட்கப்பட வேண்டும். என் காப்புறுதியில் சுவர், கூரைக்கு ஒரு பகுதி. அங்கே நான் விட்டுவந்த சாமான்களுக்கு ஒரு பகுதி. வெள்ளமும் அதில் அடங்கும். ஆனால் வாடகைக்கு இருப்பவர் தம் பொருளுக்குத் தம் பெயரில் தனியாக எடுக்க வேண்டுமாம். பத்திரத்தை இன்றுதான் முழுதாகப் படித்தேன். நீயும் நானும் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள், ஒரு பத்திரத்தைப் படிக்கவில்லை!

ஒரு வழி இருக்கிறது. எனக்கே அது பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காப்புறுதி நிறுவனத்திலிருந்து சேதம் பார்க்க லோகன் என்பவர் வருகிறார். உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். நீ மறுக்காமல் இருந்தால் போதும். வருவதை அப்படியே உன்னிடம் தந்துவிடுகிறேன்.

சாண்ட்ரா

பெட்டாலிங் ஜெயா
18 டிசம்பர் 2024

ரம்லத்,

உன் புதுப் போன் அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம்.

"ஆன்டி, அந்தக் கட்டில கொஞ்சம் தள்ளுங்க லா, படம் எடுக்கணும்" என்று அந்த வியாழக்கிழமை லோகன் உன்னிடம் சொன்னார். நீ துடைப்பத்தை வைத்துவிட்டுத் தள்ளினாய். "வேலைக்கு வச்சிருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் "ம்" என்றேன். எப்போது வாங்கிய கட்டில் என்றார். "என் கல்யாணத்துக்கு" என்றேன். மறைந்த உன் கணவர் சனாவுல்லா அண்ணன் உனக்கு வாங்கியதை, உன் முன்னாலேயே.

நேற்று லோகனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் சாமான்களை நீக்கிவிட்டார்கள். என்னுடையதையும் மறுபடி ஆராய்வார்களாம், அது கிடக்கட்டும். அங்கே நின்றது வேலையாள் இல்லை, என் தோழி, அது அவள் குடியிருக்கும் வீடு என்றும் சொன்னேன். "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டார். நீயும் அதையேதான் கேட்பாய்.

சாண்ட்ரா

செராஸ்
10 ஜனவரி 2025

சாண்ட்ராவுக்கு,

வீட்டைக் காலி செய்துவிட்டோம். சாவி பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்காவிடம் இருக்கிறது. இங்கே என் சாமான்களுக்கு என் பெயரிலேயே காப்புறுதி எடுத்துவிட்டேன்.

பழியை நீ ஒருத்தியே சுமக்காதே. மிஷின் போன பயத்தில் அந்தப் பொய்க்கு நானும்தான் வாயை மூடிக்கொண்டேன். லோகன் என்னை வேலைக்காரி என்று நினைத்ததும் பெரிதில்லை. சேற்றில் நின்றால் எல்லோரும் அப்படித்தான் தெரிவோம்.

கட்டிலைத் தள்ளச் சொன்னபோது, நீ வந்து மறுபக்கம் பிடிப்பாய் என்று பார்த்தேன்.

ரம்லத்