ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை

அரியலூர்
புதன்கிழமை மாலை

அன்புள்ள நர்மதாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் அந்தக் கடல் கடந்த பெர்கன் ஊர் மழையில் நனையாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒரு கேள்வி. மீன் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, அது பசியா, நம்மைப் பார்த்த பழக்கமா? இருபத்திரண்டு வருடமாகப் பெரம்பலூரில் வேதியியல் நடத்தும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. நம் வீட்டுத் தொட்டியில் பாசி வளர்ந்ததே இந்தக் கேள்வியால்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேச எனக்கு வராது.

ஆனி மாதம் நீ விட்டுப் போன உப்புநீர்த் தொட்டி ஆவணி வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியில் பழுப்பாகப் படிந்தது, அதற்குப் பின் பாறை முழுவதும் பச்சை முடி முளைத்தது போலப் பாசி. நான் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், நம் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று உனக்கே தெரியும். ஆனால் நீ சொன்னபடி ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுத்து வெளிச்சம். மேற்கு ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன், விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன், வாரம் ஒரு வாளி உப்புநீர் மாற்றினேன், பழைய ஏ.டி.எம். கார்டால் கண்ணாடியைச் சுரண்டினேன். மூன்று வாரமும் நைட்ரேட் சோதனைக் குப்பி சிவப்பாகவே வந்தது. ஒரு நாளைக்கு நான் போடும் ஒரு சிட்டிகைத் தீனிக்கு இத்தனை நைட்ரேட் வர வழியே இல்லை. கணக்கு உதைத்தது.

விடை சொன்னது வீட்டு வேலைக்கு வரும் ஜானகி. நீங்க காலேஜுக்குப் போனப்பறம் அய்யா வேளாவேளைக்கு மீனுக்கும் படைக்கிறாருங்களே டீச்சர், உங்களுக்குத் தெரியாதா என்றாள். அப்பா காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட உட்கார மாட்டார், அது நமக்குப் பழகியது. நீ போன பிறகு அந்த வரிசையில் மீனும் சேர்ந்துவிட்டது. காலையில் இட்லிக்கு முன் ஒரு தடவை, மத்தியானம் விக்கிரமங்கலம் வயலிலிருந்து வந்ததும் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. காக்காயாச்சும் கத்திக் கேக்கும், இது வாயத் தொறந்தாலே போதுங்க என்று ஜானகி சிரிக்கிறாள்.

நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. சோத்துல கைய வெச்சா அது நேரா என்னையே பாக்குது, புள்ளையோட மீனு பட்டினியாக் கெடக்க எனக்கு எப்புடி உள்ள எறங்கும் என்றார். தின்னாத தீனிதான் அழுகிப் பாசிக்கு உரமாகிறது, நீங்கள் மக்காச்சோளத்துக்குப் போடும் யூரியா மாதிரி என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாக, ஞாயித்துக்கெழம அவ போன் வரலன்னா நீ மீனுக்கு ரெண்டாந்தடவ தீனி போடறியே, அது எந்தப் பாடத்துல வருது என்றார். அவர் கவனித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. உண்மைதான் நர்மதா, போட்டேன்.

இதற்கிடையில் பெரிய கோமாளி மீன் நான்கு நாளாகப் பாறையடியில் படுத்து வேகவேகமாக மூச்சு விடுகிறது. முடியவில்லை என்றால் மீனைத் திருச்சி வண்ணமீன் கடைக்காரர் மணிமாறனிடமே கொடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னபடி அவருக்குப் போன் செய்துவிட்டேன், நாளைக் காலை வருகிறார். அப்பா சரி என்றார், ஆனால் இரண்டு நாளாகச் சாதம் பாதிதான். இனிமேல் போட மாட்டேன் என்று அவர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், என்னையே நான் நம்பவில்லை. மீன் இங்கே செத்துப்போய் அதை உனக்குப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொடுத்துவிடுவதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

நீ இரவுச் சாப்பாட்டை விடாதே, ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. வெயில் இல்லாத ஊர், டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரையை மறக்காதே. உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தாலும் இரண்டு நிமிடம் கூப்பிடு.

உன் அம்மா,
மணிமொழி

வியாழக்கிழமை மாலை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். மணிமாறன் பத்து மணிக்கு வந்தார். அப்பா வயலுக்குப் போகவில்லை. மணிமாறன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நோயெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், தின்னுட்டு தின்னுட்டுக் கெடக்கு, தண்ணியும் கெட்டுருக்கு, ரெண்டு நாள் பட்டினி போடுங்க என்றார். ரெண்டு நாளு தாங்குமா தம்பி என்று அப்பா இரண்டு முறை கேட்டார். தாங்கும் என்றதும் உள்ளே போய்த் தீனி டப்பாவை எடுத்து வந்து, மீனு இருக்கட்டும், இதைக் கொண்டு போங்க என்று அவர் கையில் கொடுத்துவிட்டார். மணிமாறன் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்து, கால்வாசித் தண்ணீர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டப்பாவைக் கொடுப்பதற்கு முன்பே அப்பா அதிலிருந்து கொஞ்சம் தீனியைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார், திருமழபாடிக் கோயிலில் விபூதி மடிப்பது போல, பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை. பட்டினி முடிந்து ஒரு வாரத்துக்கு அது போதும், தீர்ந்தபின் நான்தான் வாங்கி மடித்துத் தர வேண்டுமாம். மத்தியானம் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து முழுச் சாதமும் சாப்பிட்டார். நான் பொட்டலங்களை எண்ணினேன். ஏழு நாளுக்கு எட்டு இருந்தது. கேட்டதற்கு, அது நர்மதா போன் பண்ற அன்னைக்கு என்றார். அதை நான் எடுத்துவிடவில்லை.