தாத்தா காலத்துப் படம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரருக்குப் பழைய காலண்டர் பாணியில் ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தேன். பால்குடத்தோடு ஒரு பெண், பின்னால் பசு, மங்கின சிவப்பு. போன மாதம் ராஜபாளையத்தில் என் அறையில் உட்கார்ந்து டேப்லெட்டில் வரைந்தது. இன்றைக்குப் போனால், அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஓரத்திலிருந்த என் கையெழுத்து சட்டத்துக்குள் போய்விட்டது.

பால்கோவா வாங்க வந்த ஒரு அம்மா, "எம்புட்டு அழகு! யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துப் படம்மா. இப்ப உள்ளவிய இப்பிடி வரைவாகளா?" என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே.

கடை திறந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. தாத்தாவாம்! வாய் கூசாத மனுஷன். பழசு மாதிரி இருந்தால் போதும், எந்தப் பொய்யையும் அதன்மேல் ஒட்டிவிடுவார் இவர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நெசந்தான? இப்ப யாருக்கு இந்தப் பொறுமை இருக்கு?"

புதுக் கிளைக்கும் நான்தான் வரைய வேண்டும் என்று நேற்றுத்தான் கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

அந்த ஆளைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.