உன் குரலில் கேட்ட கொரியப் படம்

போன வாரம் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் வரக்காப்பொலயில் நின்றது. எல்லோரும் தின்பண்டம் வாங்க இறங்கினார்கள். நான் ஒரு சீடி கடையின் முன்னால் நின்றுவிட்டேன். மொட்டைத்தலைப் பிக்குகள் வாய்விட்டுச் சிரிக்கும் அட்டை, வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நாம் சேர்ந்து பார்த்த அந்தக் கொரியப் படம் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது.

நான் கெம்பஸ் லீவில் வந்திருந்தேன். நீ காலையில் றப்பர் பால் வெட்டி முடித்துவிட்டு, குளித்து, ஈரத்தலையோடு என்னைப் படம் பார்க்கக் கூப்பிட வந்தாய். நம் தோட்டத்து லயம் வீடுகளுக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் இருந்த சோமாக்காவுக்கு, கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன மகன் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தான். படத்தின் அடியில் எழுத்து இங்கிலீஷில் ஓடியது. நான் உன் காதில் தமிழில் சொல்ல, நீ அதை எல்லோருக்கும் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாய். என் குரல் சோமாக்கா வீட்டு அறையின் பாதியைக்கூடத் தாண்டாது என்று உனக்குத் தெரியும்.

தியானத்தில் ஒரு பிக்கு குறட்டை விட்டபோது நமக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் அவர்களுடைய பிக்குவைப் பார்த்து நாம் சிரிக்கலாமா என்று, லயத்திலிருந்து போன நாம் எல்லோரும் முதலில் சோமாக்காவின் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிய பிறகே சிரித்தோம். சமையலறையில் வந்துபோன ஒருத்தியைக் காட்டி, "சோறாக்குற பொம்பளைக்கு ஒரு பேச்சுக்கூட இல்லியாடி?" என்று கேட்டாய்.

பிறகு படத்தில் ஒரு கறுத்த கூலிக்காரன் வந்தான். நம் பக்கத்து ஆள் போலிருந்தான். அரைகுறைக் கொரியமொழியில் வேலை கேட்டான். பிக்குகள் அவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அதுவரை உன் காதில் சொன்ன நான் அதோடு நிறுத்திவிட்டேன். என்ன பேசுகிறான் என்று சோமாக்கா கேட்டார். நீ மறைக்காமல் சொன்னாய். என் மகனும் அங்கே இப்படித்தான் நிற்பானா என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருட வெசாக் பண்டிகைக்கு பஜார் சந்தியில் போடும் நாடகத்தில் உனக்கு ஒரு பாகம் இருந்தது. சோமாக்காவின் மகளிர் சங்கம் கொடுத்தது. சிங்களத்தை உடைத்து உடைத்துப் பேசி ஆட்களைச் சிரிக்கவைக்கும் தோட்டத்துப் பெண். லயத்திலிருந்து அந்த மேடையில் ஏறும் முதல் ஆள் நீ. அதைக் கைவிட உனக்கு மனமில்லை. ஆனால் ஒத்திகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாய்.

படம் முடிந்ததும் சோமாக்காவிடம் சொன்னாய்: "நாடகத்துக்கு வாறேன் அக்கே. ஆனா இப்ப உங்களோட பேசுற மாதிரிதான் பேசுவேன்."

அப்புறம் எப்படிச் சிரிப்பு வரும் என்று அவர் தயங்கினார்.

"படத்துல அந்த பிக்கு ஹாமுதுருமாரு அவங்க பாஷைய ஒழுங்காத்தானே பேசுனாங்க. நம்ம சிரிக்கலியா?"

அவர் எழுந்து டிவியை அணைத்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

வெசாக் அன்று மேடையில் நீ கடைக்காரனோடு கருவாட்டுக்குப் பேரம் பேசினாய். சனம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் நம்மைக் கேலிசெய்து கொச்சைச் சிங்களத்தில் கத்தினான். நீ பேரத்தை நிறுத்தி, அவன் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், தம்பியிடம் பேசுவதுபோலப் பொறுமையாகக் கேட்டாய்:

"மல்லி, நீங்க பேசுறது எனக்கு விளங்கல. சிங்களத்துல சொல்லுங்க."

சந்தியே அதிர்ந்தது. சோமாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்தேன்.

திரும்பி ஏறும்போது வெசாக் விளக்குக் கூடுகளின் வெளிச்சம் லயத்துப் படிவரை வந்தது. "அடுத்த நாடகத்த நீ எழுதுடி. படிச்சு என்னத்துக்கு?" என்றாய். நான் வழக்கம்போலப் பேசாமல் வந்தேன்.

இப்போது அந்த நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பெண்கள், றப்பர் பால் நிறுக்கும் இடத்தில். ஒருத்தியின் பேச்சு முழுக்க உன்னுடையது. காகிதத்தில் அது சரியாக வந்ததா என்று தெரிவதில்லை. அதனால் போர்டிங் அறையின் கதவைச் சாத்திவிட்டு எழுந்து நின்று, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்றிரவு பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டி, யாரோடு இவ்வளவு சத்தமாகப் பேசுகிறாய் என்று கேட்டாள்.