ஆளில்லாத படங்கள்

மச்சாள்,

இன்று காலையில் ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு பிள்ளை தாயோடு கூறைச்சேலை எடுக்க வந்தாள். இருந்த கூறை எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன், குனிந்து நிமிர்ந்து நாரி நொந்ததுதான் மிச்சம். அவளுடைய கண் சேலையில் இல்லை. என்னுடைய காசு மேசைக்குப் பின்னால், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற உம்முடைய படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அன்ரி, உது எந்த இடம்?”

“ஒஸ்லோ.”

“ஏன் அதில ஒரு ஆளும் இல்லை?”

தாய் முந்திக்கொண்டா. “அங்கயிருக்கிற குளிருக்கு ஆர் பிள்ளை வெளிய வருவினம்? நீ சேலையைப் பார்.”

அந்தப் படம் எடுத்தது நல்ல வெயிலில். எடுக்கும்போது ஒரு மனிதர் படத்துக்குள் வராத தூரத்தில் உம்முடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலை வாங்க வந்தவர்களுக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அவர்கள் ஒரு அரக்குக் கூறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. முன்பென்றால் இப்படியான நாளில் உமக்கு ஒரு கோல் எடுத்து, “களைச்சுப் போனன் மச்சாள்” என்று சொல்லுவேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

ஒஸ்லோ வரைக்கும் போன அந்தப் பயணத்தை நான் வியாபாரமாகத்தான் தொடங்கினேன். டென்மார்க்கிலும் நோர்வேயிலும் எங்கள் சனம் குடும்பம் குடும்பமாக வேரூன்றத் தொடங்கியிருந்த நேரம். சாமத்தியவீடு, கலியாணவீடு என்று ஒன்று மாறி ஒன்று வரும், நல்ல சேலைக்குக் கடை கிடையாது. சூட்கேசில் கொண்டுபோனால் வெறும் சூட்கேசோடு திரும்பலாம் என்று எனக்குத் தெரியும். உம்மைக் கூட்டிக்கொண்டு போனது இரண்டு காரணத்துக்கு. உமக்குக் கமெரா பிடிக்கத் தெரியும். வாங்குகிற பெண்களை அந்தச் சேலையோடு படமெடுத்து அல்பமாக்கிக் கடையில் வைத்தால் இங்கேயும் நாலு பேர் கேட்பார்கள். மற்றது, உம்முடைய அண்ணர் இங்கே இருந்தபடியே ஒஸ்லோவில் உமக்கு ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார். மனைவி தவறின மனிதர், ட்ராம் ஓட்டுகிறவர், ஒரு மகள். இரண்டையும் நான் உம்மிடம் நேரே சொன்னேன்.

“அப்ப சேலையோட சேத்து என்னையும் விரிச்சுக் காட்டப் போறீர்” என்றீர். சொல்லிவிட்டு உடுப்பை அடுக்கத் தொடங்கினீர்.

எங்கள் இருவருக்கும் அப்போது நாற்பது நெருங்கியிருந்தது. நான் உம்முடைய அண்ணரைக் கட்டியவள் என்றாலும் வயது ஒன்றென்றபடியால் மச்சாள், நீர் என்றுதான் கதைப்போம். நீர் இங்கே ரூஜில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இருந்தீர். அறை என்றுதான் சொல்லிக்கொண்டோம். ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கிற மெஷின், மற்றப் பக்கம் என்னுடைய சேலைப் பெட்டிகள், நடுவில் உம்முடைய கட்டில். எந்த நேரமும் யாராவது ஒருவர் படியிறங்கி வருவோம்.

கொப்பன்ஹேகனில் முதல் வீட்டிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோபா நிறையச் சேலை, சுற்றிவரப் பெண்கள், ஒருத்தி பச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கிறாள். உம்மைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால் நீர் ஒரு புதுக் கட்டடத்தை முழுதாகக் கமெராவுக்குள் அடக்குவதற்காகப் பின்பக்கமாகவே நடந்து சைக்கிள் பாதைக்குள் போய் நிற்கிறீர். சைக்கிள்காரர் எல்லோரும் மணியடித்துக்கொண்டு விலகிப் போகிறார்கள். வீட்டுக்காரர் என் காதுக்குக் கிட்ட வந்து, “மச்சாள் என்ன, உந்தக் கட்டடத்தை விலைக்குக் கேக்கப் போறாவோ?” என்றார். உமக்குக் கேட்டுவிட்டது.

“பாக்கிறதுக்குக் காசு கேக்காயினந்தானே அண்ணை.”

அந்த ஊருக்கு வெளியே ஒரு தேவாலயம். வெளியில் நின்று பார்த்தால் நெல் குத்துகிற ஆலை மாதிரி, நான் வாசலிலேயே திரும்பியிருப்பேன். உள்ளே கூரை வெள்ளை வெளேரென்று முகில் உருண்டு போவது போல வளைந்து வளைந்து போகும். நீர் சுவெற்றரோடு நிலத்தில் மல்லாந்து படுத்துப் படமெடுத்தீர். அதைப் பராமரிக்கிற மனுசி ஓடி வந்தா. ஏசப் போகிறா என்று நினைத்தேன். அவ உம்மைப் பார்த்தா, கூரையைப் பார்த்தா, பிறகு போய் இன்னொரு லைற்றைப் போட்டுவிட்டா.

ஹெல்சிங்கிக்கு நீர் கேட்டபடியால் போனோம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் வீடும் இல்லை. கப்பலில் வைத்துத்தான் கேட்டேன், இவ்வளவு நாளும் எத்தனை சேலையைப் படமெடுத்தீர் என்று.

“ஒண்டு.”

“ஒண்டோ?”

“அதுவும் வெளிச்சம் காணாது.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீர் மோலில் படம் கழுவுகிற கடையில் வேலை செய்துகொண்டிருந்தீர். பிறந்தநாள், கலியாணம், கேக் வெட்டு என்று ஊரார் படமெல்லாம் உம்முடைய கையால்தான் வெளியே வரும். “நாள் முழுக்க ஆக்களின்ர பல்லைத்தான் கழுவுறன் மச்சாள். இஞ்சையெண்டாலும் பல்லில்லாமல் எதையாவது பாக்க விடும்” என்றீர். சிரிக்கக் கூடாது என்று இருந்தும் சிரித்துவிட்டேன்.

அங்கே பாறையைக் குடைந்து ஒரு தேவாலயம் கட்டியிருந்தார்கள். மேலே செம்புக் கூரை, அதைச் சுற்றிக் கண்ணாடி, வெயில் கோடு கோடாகப் பாறையில் விழுகிறது. முகில் விலகும் வரைக்கும் நீர் காத்துக்கொண்டிருந்தீர், நான் வாங்கில் சாய்ந்திருந்து நித்திரை தூங்கினேன். “உதைக் கட்டினவன், உள்ளுக்க ஒரு ஆள் தனிய வந்து இருக்கும் எண்டு யோசிச்சுக் கட்டியிருக்கிறான்” என்று நீர் சொன்னது அரை நித்திரையில் கேட்டது. தனிய இருக்கிறதுக்கு இவ்வளவு செலவோ என்றேன். நீர் கமெராவைக் கண்ணில் வைத்துவிட்டீர்.

பிறகு ஒஸ்லோ. அந்த மனிதர் தலையை வடிவாகச் சீப்பால் இழுத்து, தோய்த்து மினுக்கின சேர்ட்டோடு வந்தார். எங்கே போய்ப் பார்க்க விருப்பம் என்று கேட்டார். பூங்காவுக்கு என்று நீர் சொல்லுவீர் என எதிர்பார்த்தேன். நீர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியால் எழுப்பியிருக்கிற கோபுரத்தைக் கேட்டீர். அவரும் மறுக்காமல் கூட்டிக்கொண்டு போனார். நீர் கமெராவை எடுத்ததும், பாவம், தன்னைத்தான் எடுக்கப் போகிறீர் என்று கையைக் கட்டிக்கொண்டு நேரே முன்னால் போய் நின்றார். “கொஞ்சம் இடப்பக்கம் போறீங்களோ?” என்றீர். போனார். “இன்னும் கொஞ்சம்.” போனார். “இன்னும்.”

“இனிப் போனா சுவீடன் வந்திடும்” என்றார்.

அதற்கு நீரும் சிரித்தீர். பையை அவரிடம் கொடுத்தீர், அவர் என்னோடு வந்து நின்றார். கோபுரத்தின் கண்ணாடியில் முகில் ஏறிக்கொண்டிருந்தது. “அவ ஏன் ஆக்களை எடுக்கிறேல்லை?” என்று மெதுவாகக் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன், ஆட்கள் அசைகிறார்களாம் என்று. “நான் அசையாமல்தானே நிண்டனான்” என்றார். கடையில் தொங்குவது அந்தப் படம்தான்.

அன்றைக்குப் பின்னேரம் விற்காத சேலைகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தலைப்பு உம்முடைய கையில், மற்றது என் கையில். அவருக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

“நல்ல மனுசன். அதுதான் கஷ்டம். கூடாத ஆளெண்டா வாசலிலயே சொல்லியிருப்பன்.”

“பிறகென்ன?”

“ஊரில ஐயா வீட்டில அக்காமாரோட ஒரு அறை. கொழும்பு லொட்ஜில ஆறு பேரோட. இப்ப பேஸ்மென்றில உம்மட பெட்டியளோட. இனி அந்தாளின்ர வீடு. நான் பூட்டுற கதவெண்டு ஒண்டு எனக்கு இருந்ததேயில்லை மச்சாள். போய் ஒரு அப்பார்ட்மென்ற் எடுக்கப் போறன்.”

நான் பேரம் பேசித் தெரிந்தவள். எதிரே நிற்கிற ஆள் இறங்குமா, இறங்காதா என்று குரலிலேயே பிடித்துவிடுவேன். நீர் இறங்க மாட்டீர் என்று தெரிந்தது. சேலையை மடித்து முடித்தோம்.

உம்முடைய அண்ணருக்கு நான்தான் ரெலிபோனில் சொன்னேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தனியே இருக்கப் போகிறா என்றதும் குரல் மாறிவிட்டது.

“கலியாணம் கட்டாத பொம்பிளை தனிய இருந்தா சனம் என்ன கதைக்கும்?”

“சனம் சேலைக்கு என்ர கடைக்குத்தான் வரவேணும். வரேக்க நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது துணிவில்லை. பயணக் களைப்பில் சண்டை பிடிக்க ஏலாமல் குறுக்கு வழியால் வந்த பேச்சு. ஆனால் சொன்னது சொன்னதாகிவிட்டது. திரும்பி வந்து, மோர்னிங்சைட்டில் உமக்கு அப்பார்ட்மென்ற் எடுக்க உம்முடைய சம்பளம் காணாது என்று நின்றபோது, வாடகைப் பத்திரத்தில் உம்முடைய பெயருக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அண்ணர் பெட்டி தூக்கக்கூட வரவில்லை.

எட்டாம் மாடி. தெற்குப் பக்கம் பெரிய யன்னல், தூரத்தில் வாவி ஒரு கோடாகத் தெரியும். ஒரே ஒரு கதிரை வாங்கினீர். வாறவை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “வாறவை கன நேரம் இராயினம்” என்றீர். அங்கே போன பிறகு கமெராவை நீர் அதிகம் தொடவில்லை. கேட்டதற்கு, “இவ்வளவு காலமும் வெளிய நிண்டு பாத்தன். இனி உள்ள இருந்து பாப்பம்” என்றீர்.

உமக்கு வருத்தம் கண்டு மருந்தும் ஆஸ்பத்திரியுமாக அலைந்த மாரியில் ஒரு நாள் உம்முடைய அண்ணர், வாகனத்தில் ஏறும், எங்கே என்று கேட்காதையும் என்றார். என்னுடைய மடியில் இடியப்பப் பார்சல். உம்முடைய கதவுக்கு முன்னால் வந்து நின்றார். பேஸ்மென்றுக்கு ஒரு நாளும் கேட்டு இறங்காத மனிதர், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விரலால் மெல்லத் தட்டினார். உள்ளிருந்து “ஆரது?” என்றீர். “அண்ணை” என்றார். “வரலாமோ?” என்றும் கேட்டார். நீர் உடனே திறக்கவில்லை. தலை இழுத்தீரோ, எழும்ப ஏலாமல் இருந்தீரோ, எனக்குத் தெரியாது. அவர் பொறுத்து நின்றார். பிறகு நீர் அவரை அந்தக் கதிரையில் இருத்திவிட்டுக் கட்டிலில் இருந்துகொண்டு இடியப்பம் தின்றீர்.

பனி கரைகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் போய்விட்டீர். எல்லாம் முடிந்த பிறகு கட்டில், சட்டி பானை என்று கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கதிரையைக் கொடுக்கவில்லை. அப்பார்ட்மென்றையும் விடவில்லை, மாதா மாதம் வாடகையை நானே கட்டுகிறேன்.

ஒரு சதமும் வீணாக்காதவள் என்று எனக்கு ஊரெல்லாம் பெயர். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. உம்முடைய அண்ணருக்குத் தெரியும், கேட்பதில்லை. ஞாயிறு மத்தியானம் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இங்கே, உம்முடைய எட்டாம் மாடிக்கு வந்து கதவைப் பூட்டுகிறேன். கும்பிடுவதும் இல்லை, அழுவதும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு யன்னலுக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருக்கிறேன். ஒருவரும் அன்ரி என்று கூப்பிடுவதில்லை, விலை குறைக்கச் சொல்லிக் கேட்பதில்லை. ஹெல்சிங்கியில் நித்திரை தூங்கிக்கொண்டு செலவைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் போலிருக்கிறது.

இந்த மாதத்தோடு அப்பார்ட்மென்றை விட்டுவிடுவது என்று போன கிழமை முடிவெடுத்தேன். பில்டிங் மனேஜரிடம் சொல்லவென்று கீழே போனேன். என்ன விஷயம் என்று கேட்டார். குசினிக் குழாய் ஒழுகுகிறது, வந்து திருத்தித் தாரும் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.