நிற்காமல் பாஸ் கொடு

சஸ்காட்செவன், கனடா,
ஜனவரி 18

அன்புள்ள நெஸ்டருக்கு,

நானும் அப்பாவும் நலம், மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி குளிரில் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு. ஜெர்மனியில் கிளப்புக்கு ஆடப் போன இடத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன். இங்கே ஒன்பது வயதுக்குட்பட்டோர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். சறுக்கு என்றால் பறக்கிறார்கள், பாஸ் கொடு என்றால் பிரேக் போட்டு நின்று, குனிந்து பனித்தரையில் கிடக்கும் ரப்பர் வட்டைப் பார்த்து, யோசித்து, அப்புறம் தட்டுகிறார்கள், அதற்குள் எதிரணி பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. தப்பித்தவறி நிற்காமல் கொடுத்தாலும் கூட்டாளிக்குப் பின்னால் போகிறது. அவன் போய்ச் சேரும் இடத்துக்கு அனுப்புடா என்று கத்தினால், "அவன் எங்க போவான்னு அவனுக்கே தெரியாது கோச், எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறான் கோல்டன் என்ற வாண்டு.

இதற்குக் காரணம் நீதான், கோபம் வந்தால் வரட்டும். கிறிஸ்துமஸுக்கு அனுப்பினாயே ஒரு வீடியோ, தனியாளாக ஐந்து பேரைத் தாண்டி கோல் போட்டது, அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன், அன்றிலிருந்து எல்லோரும் குட்டி நெஸ்டர்களாகத் திரிகிறார்கள். பாஸ் கொடுக்கச் சொன்னால், "நெஸ்டர் அண்ணா குடுக்கலியே" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஓடும்போதே தலை நிமிர்ந்து பாஸ் கொடுப்பவள் பிரின்லி என்ற பெண் ஒருத்திதான், அவளுக்கோ யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் எல்லாருக்கும் குடுக்கறேன், எனக்கு யாருமே குடுக்கறதில்ல, சனிக்கிழமை மேட்சோட சரி, அப்புறம் நான் வரமாட்டேன்" என்றாள். அவள் அம்மாவும், "விடுங்க லொரெய்ன், நீச்சல்ல சேத்துடறேன்" என்கிறாள். இப்படி ஒரு பிள்ளை எனக்கு இனி எப்போது கிடைக்கும்?

என் பேச்சு எடுபடாது, நீ செய்து காட்டினால்தான் இந்த வானரங்கள் கேட்கும். நீ பாஸ் கொடுக்கிற வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டலாம் என்று நானும் அப்பாவும் பழையது புதியது எல்லாவற்றையும் தேடினோம். ஒன்றுகூட இல்லை, நெஸ்டர். அப்பா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை உனக்கு ஆட்டம் இருக்கிறது. ஓடிக்கொண்டே ஒரே ஒரு தடவை யாருக்காவது கொடு, அதை யாரையாவது படமெடுக்கச் சொல்லி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. கடவுள் உன்னை அடிபடாமல் காக்கட்டும். கழுத்துக் காப்பை மறக்காதே. கோல் போடாவிட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான், பயப்படாமல் கொடு.

உன் அம்மா,
லொரெய்ன்